யுரேனஸின் வளையங்கள்: காவலூர் கண்டதும் காணாததும்

யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது இன்று மாணவர் நூல்களிலே இடம்பெறும் செய்தி. அவ்வளையங்களை முதன்முதலில் கண்டவர் யார் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. மேனாட்டு நூல்கள் பல எலியட், டன்ஹாம், மிங்க் என்னும் அமெரிக்கர் மூவரின் பெயரைச் சொல்லி அத்துடன் நிறுத்திவிடுகின்றன. நம்மவருள் சிலரோ, அவை தமிழ்நாட்டுக் காவலூரிலேதான் கண்டுபிடிக்கப்பட்டன என்றும், புகழை மட்டும் பிறர் கொண்டுபோய்விட்டனர் என்றும் குறைபட்டுக்கொள்வதுண்டு. முதல் விடை குறையுடையது, இரண்டாவது மிகையானது. உண்மை இவ்விரண்டிற்கும் நடுவே இருக்கிறது. அது மேற்சொன்ன இரண்டு விடைகளைக் காட்டிலும் சுவையானது. நமக்குப் பெருமை தருவதும் அதுவே.

அந்த உண்மையை அறிய வேண்டுமானால், 1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் இரவு நடந்ததை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் முன்பு, ஒரு நட்சத்திரத்தின் முன்னே ஒரு கிரகம் கடந்து செல்லும்போது வானநூலார் எதைப் பார்க்கிறார்கள், எதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பது விளங்க வேண்டும்.

மறைப்பு என்னும் கருவி

சந்திரன் ரோகிணி நட்சத்திரத்தை மறைக்கும் காட்சியைச் சிலர் பார்த்திருக்கலாம். ஒளிர்ந்துகொண்டிருந்த நட்சத்திரம், சந்திரனின் விளிம்பு தொட்டவுடன் விளக்கை ஊதி அணைத்தாற்போல் மறைந்துவிடும். சிறிது நேரம் கழித்து மறுபக்கத்தில் தோன்றும். சந்திரன் மட்டுமன்று, கிரகங்களும் அவற்றின் துணைக்கோள்களும் இவ்வாறே நட்சத்திரங்களை மறைப்பதுண்டு. ஆனால் அவை வானத்திலே மிகச் சிறிய புள்ளிகள். ஆதலால், ஒளியுள்ள ஒரு நட்சத்திரம் அவற்றின் வழியிலே சரியாக அகப்படுவது அரிது.

இந்த மறைப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். கிள்ளான் ரயில் நிலையத்திலே இரவு நேரத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்புறத்தில் தொலைவிலே ஒரு விளக்கு எரிகிறது. இருளில், தன் விளக்குகளை அணைத்துவிட்ட ஒரு சரக்கு வண்டி அவருக்கும் அந்த விளக்குக்கும் இடையே ஓடுகிறது. வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் எதிர் விளக்கு மறைவதையும் தெரிவதையும் கொண்டே எத்தனை பெட்டிகள் சென்றன என்று அவர் எண்ணிவிடலாம். வண்டியின் வேகம் தெரிந்தால், ஒவ்வொரு பெட்டியும் எத்தனை அடி நீளம் என்றும் கணக்கிட்டுவிடலாம். அது பழைய நீராவி வண்டியாயின், இன்னொன்றும் தெரியவரும். இரும்புப் பெட்டி குறுக்கிடும்போது விளக்கு சட்டென்று மறையும். புகை குறுக்கிடும்போது மெல்ல மங்கும். ஆக, மங்கும் விதத்தைக் கொண்டே குறுக்கே சென்றது இரும்பா, புகையா என்றும் சொல்லிவிடலாம்.

வானநூலார் செய்வதும் இதுதான். நட்சத்திரம் விளக்கு, கிரகம் வண்டி. நட்சத்திரம் எத்தனை விநாடி மறைந்தது என்பதிலிருந்து கிரகத்தின் அளவு கிடைக்கிறது. அது சட்டென்று மறைந்ததா, படிப்படியாக மங்கியதா என்பதிலிருந்து அதற்குக் காற்று மண்டலம் உண்டா என்பது தெரிகிறது. மிகப் பெரிய தொலைநோக்கியாலும் பிரித்துக் காண முடியாத நுணுக்கங்களை, நடுத்தரமான ஒரு தொலைநோக்கியும் ஒளியை அளக்கும் கருவியும் துல்லியமான கடிகாரமும் சேர்ந்து காட்டிவிடுகின்றன. ஒரே ஒரு நிபந்தனை: குறித்த நேரத்திலே, குறித்த இடத்திலே, கருவியோடு விழித்திருக்க வேண்டும். தவறினால் அந்த மறைப்பு மீண்டும் வாராது.

வால் நட்சத்திரம் என்று எண்ணப்பட்ட கிரகம்

யுரேனஸ் பழைய நூல்களிலே இல்லாத கிரகம். நவக்கிரகங்களிலும் அதற்கு இடமில்லை. 1781-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள், இங்கிலாந்தில் பாத் நகரிலே இசையாசிரியராக இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்பவர், தாமே செய்த தொலைநோக்கியால் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. அதை அவர் வால் நட்சத்திரம் என்றே கருதி அறிவித்தார். அதன் பாதையைக் கணித்த பிறரே அது சூரியனைச் சுற்றும் ஒரு கிரகம் என்று தெளிவாக்கினர். ஆயினும் யுரேனஸைக் கண்டவர் ஹெர்ஷல் என்றே உலகம் கூறுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது; பின்னால் பயன்படும்.

யுரேனஸ் சூரியனை ஒரு முறை சுற்றிவர 84 ஆண்டுகள் ஆகின்றன. அதன் குறுக்களவு ஏறத்தாழ 51,000 கிலோமீட்டர். பூமியைப் போல நான்கு மடங்கு. 1977-இல் அது பூமியிலிருந்து ஏறத்தாழ 270 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்தடைய இரண்டரை மணி நேரம் ஆகிறது.

1789-இல் ஹெர்ஷல் தம் குறிப்பேட்டிலே, இக்கிரகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமோ என்று ஐயுற்று எழுதினார். பின்னர் அந்த ஐயத்தை அவரே கைவிட்டார். அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வளையம் என்னும் பேச்சே எழவில்லை. வளையமுடைய கிரகம் சனி ஒன்றே என்பது அனைவரும் ஒப்பிய முடிபாயிற்று.

வளையங்கள் இருந்தும் அவை ஏன் தெரியவில்லை? யுரேனஸின் வளையங்கள் நிலக்கரி போன்று கருத்தவை. அவற்றுள் முதன்மையானவற்றில் மிக அகன்றதும் 100 கிலோமீட்டர் அகலத்தைத் தாண்டாது. 270 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் 100 கிலோமீட்டர் அகலம் எப்படித் தோன்றும்? கிள்ளானிலே ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு நூலைக் கட்டிவிட்டு, கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதைப் பார்க்க முயல்வது போலத்தான். அந்த நூல் நேராகப் பார்த்தால் தெரியாது. ஆனால் நூலுக்குப் பின்னே ஊசிமுனை போன்ற ஒரு விளக்கு இருந்து, நூல் அதன் குறுக்கே சென்றால், விளக்கு ஒரு கணம் மங்கும். நூல் இருப்பது அப்போது தெரிந்துவிடும்.

ஜவ்வாது மலையில் ஒரு கண்

காவலூர், தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைத்தொடரிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். அது முன்பு வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வானாய்வு நிலையம் தோன்றியதற்கு நீண்ட வரலாறு உண்டு.

சென்னையிலே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானாய்வுக் கூடம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி, ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-இல் கண்டறிந்து, பின்னர் லண்டன் அரச வானநூற் கழகத்தின் உறுப்பினரும் ஆனார். 1899-இல் ஆய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. கொடைக்கானல் நிலையம் சூரிய ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. இரவு வானத்தை ஆராய்வதற்கு வேறோர் இடம் தேவை என்று உணர்ந்தவர் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்து, 1960-இல் கொடைக்கானல் நிலையத்தின் தலைமையை ஏற்ற அவர், தென்னாட்டில் தெளிந்த வானமுள்ள இடத்தைத் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். நகர விளக்குகள் அண்டாத மலைக்காடு அது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வடவானம், தென்வானம் இரண்டையும் அங்கிருந்து நன்றாகக் காணலாம்.

முதலில் அங்கே நிறுவப்பட்டது 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று; இந்தியாவிலேயே உருவானது. 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அது வந்த ஆண்டிலேயே ஒரு மறைப்பைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. 1972 ஜூன் 7-இல் வியாழனின் பெருந்துணைக்கோளாகிய கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும், இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் அது பதிவு செய்யப்பட்டது. நட்சத்திரம் சட்டென்று மறையாமல் மங்கி மறைந்தது என்று கண்டு, கனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் உண்டு என்றும், அதன் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டது என்றும் அடுத்த ஆண்டு அறிவித்தனர். 1979-இல் வாயேஜர் விண்கலம் சென்று பார்த்தபோது, அழுத்தம் அதனினும் மிக மிகக் குறைவு என்று தெரிந்தது. பார்த்தது ஒன்று, அதற்குக் கூறும் பொருள் வேறொன்று என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு.

எதிர்பார்த்தது நடக்கவில்லை

1973-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த கார்டன் டெய்லர் ஒரு கணக்கை வெளியிட்டார். 1977 மார்ச்சு 10-இல் துலாராசியில் உள்ள எஸ்.ஏ.ஓ. 158687 என்னும் நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கும். இந்து மாக்கடலைச் சூழ்ந்த நாடுகளில் அதைக் காணலாம் என்பது அதன் கருத்து. அந்த நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மங்கலான ஒன்று. ஆயினும் யுரேனஸின் குறுக்களவையும் அதன் காற்று மண்டலத்தையும் அளக்க அது போதுமானது.

நாள் நெருங்க நெருங்க ஒரு சிக்கல் தோன்றியது. புதிதாக எடுத்த புகைப்படங்களைக் கொண்டு கணக்கைத் திருத்தியபோது, கிரகத்தின் நிழல் எண்ணியதற்கும் தெற்கே விழும் என்று தெரிந்தது. நிழலின் வடவெல்லை இந்து மாக்கடலின் தென்பகுதியிலேயே நின்றுவிடும், இந்தியாவை எட்டாது. அங்கே நிலமும் இல்லை, வானாய்வு நிலையமும் இல்லை. இதற்கு விடையாக அமெரிக்கரிடம் ஒரு பறக்கும் நிலையம் இருந்தது. கைப்பர் வானாய்வு விமானம் என்று பெயர் பெற்ற அதில் 91 செண்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்தப்பட்டிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட்டும் அவருடைய துணைவர்களும் அதில் ஏறி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து தென்கடல் நோக்கிப் பறந்தனர்.

பெர்த்திலே ராபர்ட் மில்லிஸ் குழுவினர் தரையில் காத்திருந்தனர். தென்னாப்பிரிக்காவின் கேப் நகரிலும், வட இந்தியாவின் நைனிடாலிலும் தொலைநோக்கிகள் அதே திசையை நோக்கின. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியின் அருகே ஜகதீஷ் சந்திர பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் இருந்தனர். கிரகம் தங்கள் வானத்தில் நட்சத்திரத்தை மறைப்பது ஐயமே என்ற நிலையிலும் அவர்கள் கருவியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தனர். இந்த ஒரு செயலுக்காகவே அவர்களைப் பாராட்டலாம். கிடைக்காது என்று தோன்றும்போது தூங்கப் போய்விடுகிறவனுக்கு வானம் எதையும் தருவதில்லை.

நள்ளிரவு கடந்தது. எதிர்பார்த்த மறைப்பு காவலூரில் நிகழவில்லை. கிரகம் நட்சத்திரத்தின் அருகே சென்றதே அன்றி அதை மூடவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. கிரகம் இன்னும் விலகியிருந்தபோதே நட்சத்திரத்தின் ஒளி திடீரென்று குறைந்தது. பத்து விநாடிக்குள் மீண்டும் பழைய நிலைக்கு ஏறியது. மேகமோ கருவியின் கோளாறோ என்று எண்ணக்கூடிய அளவு சிறிய நிகழ்ச்சி. ஆனால் பதிவிலே அது தெளிவாக விழுந்துவிட்டது.

துணைக்கோளா, வளையமா?

நட்சத்திரத்துக்கும் தமக்கும் இடையே ஏதோ ஒரு பொருள் கடந்து சென்றது என்பதில் காவலூராருக்கு ஐயமில்லை. அது யாது? யுரேனஸுக்கு அந்நாளில் அறியப்பட்ட துணைக்கோள்கள் ஐந்து. இரண்டை 1787-இல் ஹெர்ஷலும், இரண்டை 1851-இல் லாசலும், ஒன்றை 1948-இல் கைப்பரும் கண்டிருந்தனர். அந்த ஐந்தில் எதுவும் அந்த இடத்திலே இல்லை. ஆகவே இது இதுவரை அறியப்படாத ஆறாவது துணைக்கோள் என்று அவர்கள் முடிவு செய்தனர். அன்றைய அறிவுக்கு அது பொருந்திய முடிவே. கிரகத்தைச் சுற்றும் இருண்ட சிறு பொருளென்றால் துணைக்கோள் என்று எண்ணுவதே இயல்பு.

விமானத்திலே நடந்ததும் ஏறத்தாழ இதுவே. நேரக் கணக்கில் பிழை இருக்கலாம் என்று அஞ்சி, எலியட் குழுவினர் குறித்த நேரத்துக்கு வெகு முன்பாகவே பதிவைத் தொடங்கியிருந்தனர். கிரகம் மறைப்பதற்கு அரை மணிக்கு மேல் இருக்கும்போதே ஒளி குறைந்து ஏறியது, பின்னும் குறைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முறை. அவர்களும் முதலில் சிறு துணைக்கோள்களின் கூட்டம் என்றே பேசிக்கொண்டனர். பின்னர் கிரகம் நட்சத்திரத்தை மறைத்தது. நட்சத்திரம் மறுபுறம் வெளிப்பட்டது. அவர்கள் பதிவை நிறுத்தவில்லை. அப்புறத்திலும் ஒளி குறைந்து குறைந்து ஏறியது.

ஊர் திரும்பிய எலியட், நீண்ட காகிதச் சுருளை விரித்து முன்பக்கத்துச் சரிவுகளையும் பின்பக்கத்துச் சரிவுகளையும் ஒப்பிட்டார். கிரகத்தின் நடுவிலிருந்து இப்புறம் எவ்வளவு தொலைவில் ஒரு சரிவு இருந்ததோ, அப்புறமும் ஏறத்தாழ அவ்வளவு தொலைவில் ஒன்று இருந்தது. சரிவுகள் இணை இணையாக நின்றன.

இதன் பொருள் யாது? ஒரு வீட்டைச் சுற்றி வட்டமாக வேலி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னே ஒருவன் கையில் விளக்குடன் நடந்து போகிறான் என்று கொள்வோம். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு, விளக்கு முதலில் இடப்பக்க வேலியால் மறையும். பிறகு வீட்டால் மறையும். பிறகு வலப்பக்க வேலியால் மறையும். இருபுறத்து வேலியும் வீட்டிலிருந்து ஒரே தொலைவு. வேலிக்குப் பதிலாக ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கம்பம் நின்றால், விளக்கு ஒரு பக்கம் மட்டுமே மறையும். ஐந்து கம்பங்கள் இருபுறமும் தற்செயலாக ஒத்த தொலைவில் நிற்பது நடவாத காரியம். ஆகவே அது வேலி, அதாவது வளையம்.

வளையம் என்ற முடிவுக்கு இன்றியமையாதது இந்த இணைப் பொருத்தம். காவலூரார் தங்கள் முடிவுக்கு அடிப்படையாகக் கொண்டதோ ஆழமான ஒரு சரிவு. ஒரு சரிவைக் கொண்டு கம்பம் என்றும் சொல்லலாம். வேலி என்றும் சொல்லலாம். அவர்கள் கம்பம் என்றனர்.

ஒரே இதழில் மூன்று கட்டுரைகள்

1977 மே மாதம் லண்டன் ‘நேச்சர்’ ஆராய்ச்சி இதழிலே இந்த நிகழ்ச்சி பற்றிய மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதற்கட்டுரை எலியட், டன்ஹாம், மிங்க் எழுதியது. யுரேனஸின் வளையங்கள் என்பது அதன் தலைப்பு. இரண்டாவது பெர்த் குழுவினர் எழுதியது. அதுவும் வளையங்களைப் பற்றியதே. மூன்றாவது பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் எழுதியது; யுரேனஸின் புதிய துணைக்கோள் என்பது அதன் தலைப்பு. ஒரே இரவு, ஒரே நட்சத்திரம், ஒரே பொருள். ஒரே இதழில் அதற்கு இரண்டு பெயர்கள்!

காவலூர் அங்கே நின்றுவிடவில்லை. பதிவு கையில் இருந்தது. பட்டாச்சாரியாவும் வைணு பாப்புவும் அதை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். முதலில் பொருட்படுத்தாத மெல்லிய ஒளிக்குறைவுகள் பல அதிலே இருப்பதைக் கண்டனர். அதே ஆண்டு டிசம்பரில், அதே இதழில், யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற வளைய அமைப்பு உண்டு என்று தலைப்பிட்டுப் புதிய கட்டுரை வெளியிட்டனர். தம் நிலையத்தின் முந்திய முடிவைத் தாமே மாற்றிக்கொள்வது எளிதன்று. உலகமே பார்த்திருக்க அதே மேடையில் ஏறி மாற்றிக்கொள்வது இன்னும் அரிது. ஏழே மாதத்தில் அவர்கள் அதைச் செய்தனர். ஆனால் சனிக்கு உள்ளது போன்ற அகன்ற வளையங்கள் என்ற கருத்துப் பின்வந்த ஆராய்ச்சிகளால் நிலைபெறவில்லை. யுரேனஸின் முதன்மையான வளையங்கள் சனியின் வளையங்களைப் போல் அகன்றவை அல்ல. நூலிழை போன்று குறுகியவை.

மேலும் ஆராய்ந்ததில் வளையங்களின் எண்ணிக்கை ஒன்பதாயிற்று. 1986 ஜனவரி 24-இல் வாயேஜர்-2 யுரேனஸை அணுகிச் சென்று அவற்றைப் படம் பிடித்தது. மேலும் இரண்டைக் கண்டது. பின்னர் ஹப்பிள் விண்தொலைநோக்கி இன்னும் இரண்டைக் காட்டியது. இன்று கணக்கு பதின்மூன்று. அவற்றின் பெயர்களைப் பார்த்தால் ஒரு புதுமை தெரியும். ஆல்பா, பீட்டா, எப்சிலான் என்று சிலவற்றுக்கு எழுத்துப் பெயர். நான்கு, ஐந்து, ஆறு என்று சிலவற்றுக்கு எண் பெயர். எழுத்துக்கள் எலியட் குழுவினர் இட்டவை; எண்கள் பெர்த் குழுவினர் இட்டவை. காவலூர் கண்ட ஆழமான சரிவு, முதன்மையான வளையங்களுள் அகன்றதாகிய எப்சிலான் உண்டாக்கியதே. ஆனால் காவலூர் இட்ட பெயர் எதுவும் வளையங்களில் இல்லை.

புகழைப் பங்கிடும் முறை

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். காண்பது வேறு, கண்டதை இன்னதென்று அறிவது வேறு. யுரேனஸின் வளையம் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் பதிவு செய்தவர்களுள் காவலூரார் உண்டு. அதிலே அவர்கள் எவருக்கும் இளைத்தவர் அல்லர். அது வளையம் என்று முதலில் தெளிந்தவர்கள் எலியட் குழுவினர். அந்தப் புகழை அவர்களிடமிருந்து பறிக்க நியாயமில்லை. முழுப் புகழும் காவலூருக்கே என்று சொல்பவர், காவலூர் ஆராய்ச்சியாளர் தாமே அச்சேற்றிய தலைப்பை மறைக்கிறார். காவலூரின் பெயரையே விட்டுவிடும் நூலாசிரியரோ, அதே இதழின் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் விடுகிறார்.

வளையத்தைத் துணைக்கோள் என்று எண்ணியது அறியாமை என்று யாரேனும் இகழ்வாராயின், அவருக்கு 1610-ஆம் ஆண்டை நினைவூட்டலாம். கலிலியோ தம் தொலைநோக்கியைச் சனியின்மீது திருப்பியபோது அவர் கண்டதும் வளையமே. ஆனால் சனி மூன்று உருண்டைகள் சேர்ந்தது, பெரியதன் இருபுறமும் இரண்டு சிறியவை என்று அவர் கருதினார். 1612-இல் பக்கத்து உருண்டைகள் மறைந்துபோகவே திகைத்தார். அது வளையம் என்று ஹைகன்ஸ் வெளியிட்டது 1659-இல். இடையே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். கலிலியோவுக்கு நேர்ந்ததே காவலூருக்கும் நேர்ந்தது. திருத்தம் வர ஐம்பது ஆண்டு ஆகவில்லை, அவ்வளவே. யுரேனஸை வால் நட்சத்திரம் என்ற ஹெர்ஷலின் புகழை உலகம் குறைக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

இந்த வரலாற்றிலிருந்து மாணவர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆராய்ச்சியிலே விளக்கம் மாறும். ஒழுங்காகச் செய்த பதிவு மாறாது. விளக்கம் தவறாயினும், பதிவு நேர்மையானதாயின் மறுமுறை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பதிவே இல்லாதவனுக்குத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

அதன் பின்

1977-இன் வெற்றி மறைப்பு ஆராய்ச்சிக்குப் புதிய ஊக்கம் தந்தது. 1984-இல் நெப்டியூனைச் சுற்றி வளைய வில்கள் இருப்பது இம்முறையால் தெரியவந்தது. 1988-இல் புளூட்டோ ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு மெல்லிய காற்று மண்டலம் உண்டு என்பது உறுதியாயிற்று. 2013-இல் சாரிக்லோ என்னும் சிறுகோள் மறைத்ததில், அதற்கும் வளையங்கள் உண்டு என்று கண்டு உலகம் வியந்தது. 2020 ஜூன் 6-இல் புளூட்டோ மற்றொரு நட்சத்திரத்தை மறைத்ததை இமயமலைச் சாரலில் உள்ள தேவஸ்தல் நிலையத்தின் தொலைநோக்கிகள் அளந்தன. காவலூரில் 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட வைணு பாப்புவின் பெயர் அதற்கும் நிலையத்துக்கும் சூட்டப்பட்டது.

நம் மேல் விழுந்த நிழல்

இந்த நிகழ்ச்சி மலேசியத் தமிழருக்குத் தொலைவானது என்று எண்ண வேண்டியதில்லை. எப்சிலான் வளையத்தின் குறுக்களவு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். பூமியின் குறுக்களவோ 13,000 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆதலால், நட்சத்திர ஒளியிலே அந்த வளையம் வீசிய நிழல் காவலூரை மட்டும் தொட்டுச் செல்லவில்லை. அவ்வேளையில் யுரேனஸை நோக்கியிருந்த பூமியின் பாதி முழுவதன்மீதும் படர்ந்து சென்றது. கிள்ளான் பள்ளத்தாக்கும் அந்தப் பாதியில்தான் இருந்தது. இங்கே அப்போது மார்ச்சு 11-ஆம் நாள். நேரம் விடியற்காலை நான்கு மணியை ஒட்டியது. யுரேனஸ் ஏறத்தாழ உச்சி வானிலே இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் முதல் வண்டிக்குப் போகிறவர்கள் எழுந்துகொண்டிருப்பார்கள். கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களிலே, பெரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டும் நேரம் அது. சூரிய குடும்பத்தின் எல்லையருகே உள்ள ஒரு வளையத்தின் நிழல், சில விநாடிகளுக்குள் அவர்கள் கூரைகளின்மீது ஊர்ந்து போய்விட்டது. எவர் கண்ணுக்கும் அது தெரிந்திருக்க முடியாது. அந்த நட்சத்திரமே வெறுங்கண்ணுக்குத் தெரியாதது. வானம் பாகுபாடு செய்யவில்லை. காவலூருக்குக் கொடுத்ததை இங்கும் கொடுத்தது. காவலூரில் கருவி இருந்தது. அதனருகே விழித்திருக்க ஆளும் இருந்தார்கள்.

1994-இல் கோலாலம்பூரில் தேசியக் கோளரங்கம் திறக்கப்பட்டது. இன்று ஒரு சிறு தொலைநோக்கியையும் ஒளியைப் பதியும் கருவியையும் ஓர் உயர்நிலைப் பள்ளிகூட வாங்கிவிட முடியும். சிறுகோள்கள் நட்சத்திரங்களை மறைக்கும் நாளும் நேரமும் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. அவற்றைப் பதிவு செய்து அனுப்பும் பொழுதுபோக்கு ஆர்வலரின் கணக்கையும் ஆராய்ச்சியாளர் ஏற்றுக்கொள்கின்றனர். நகர வெளிச்சம் இடையூறுதான். ஆயினும் ஒளியுள்ள நட்சத்திரத்தின் மறைப்பை அது தடுத்துவிடாது. அடுத்த முறை ஒரு நிழல் கிள்ளான் பள்ளத்தாக்கின்மீது ஊரும்போது, அதைக் குறித்து வைக்க இங்கே நான்கு மாணவர் விழித்திருந்தால் நன்று. அவர்கள் குறித்ததற்கு முதலில் தவறான பொருள் கூறினாலும் குற்றமில்லை. குறித்ததை மட்டும் அழித்துவிடக் கூடாது.